நாலாவது மாப்பிள்ளையின் வாகனம்

மீராசாஹிபு ஹாஜியாரின் வெள்ளைக் கார் நடுக் கடைத்தெருவில் கொதித்து நின்றது திங்கட்கிழமை. மகளின் கலியாணம் வெள்ளிக்கிழமை.

கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னால் வாகனங்கள் ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு ஊர்ந்த நேரம் அது. பொனட்டின் இரண்டு ஓரங்களாலும் வெந்நீர் ஆவி புட்டுப்பானை போலச் சீறிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற முச்சக்கர வண்டிக்காரன் தலையை வெளியே நீட்டி, "என்ன ஹாஜியார், தேத்தண்ணி போடுறீங்களா?" என்றான்.

ஹாஜியார் அவன் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கண் சூடு காட்டும் முள்ளில் இருந்தது. முள் நடுக்கோட்டுக்குக் கீழே அசையாமல் கிடந்தது. எஞ்சின் கொதிக்கிறது, முள்ளோ குளிர்ச்சி என்கிறது. இறங்கிப் பொனட்டைத் தூக்கினார். ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய ஃபேன் செத்தது போல நின்றிருந்தது.

வேறொரு மாதமாக இருந்திருந்தால் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றிவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் இந்தக் காருக்கு வெள்ளிக்கிழமை ஒரு வேலை இருந்தது. அதைச் செய்ய முடியாமல் போனால் அவர் தலை நிமிர்ந்து பள்ளிக்குப் போக முடியாது.

மீராசாஹிபுக்கு நாலும் பெண். நாலு பேருக்கும் நாலு வீடு கட்டினார். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பவர். பள்ளியில் நிக்காஹ் முடிந்ததும், முன்னால் பைத் எனும் வாழ்த்துப் பாட்டுப் பாடுகிறவர்கள் நடக்க, பின்னால் உறவுகள் நடக்க, நடுவே வாகனம் நடையின் வேகத்தில் ஊர, மாப்பிள்ளையை ஊரறிய அழைத்து வரவேண்டும். மூத்த மூன்று மாப்பிள்ளைமாரும் இந்த வெள்ளைக் காரில்தான் வந்தார்கள். சொந்தக்காரப் பையன் எவனாவது ஓட்ட, முன் ஆசனத்தில் ஹாஜியார் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பார். கடைசி மகள் ஹிமாயாவின் மாப்பிள்ளை மட்டும் வேறு யாருடையதோ வாகனத்தில் வந்து இறங்கினால் ஊர் என்ன சொல்லும்? நாலாவதுக்கு வரும்போது ஹாஜியாருக்குக் கை சுருங்கிப் போயிற்று என்று சொல்லும். ஹிமாயாவின் காதிலும் அது விழும்.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. சாய்ந்தமருதில் மாப்பிள்ளை வீட்டில் நாள் குறித்த அன்று, மாப்பிள்ளையின் வாப்பா ஸைனுலாப்தீன், "எங்கட புது வேன் சும்மாதானே நிக்கிது, அதுலயே புள்ளயக் கூட்டிப் போகலாமே" என்று வாய் நிறையச் சொன்னார். இருபது பேர் கூடியிருந்த சபை. மீராசாஹிபு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சம்மந்தி, நான் உங்களுட்ட மாப்பிள்ளதான் கேட்டன். வாகனம் கேக்கல்ல."

சபை சிரித்தது. ஸைனுலாப்தீனும் சிரித்தார். எழுந்து வெளியே வந்தபோதுதான் மீராசாஹிபு அதைப் பார்த்தார். ஸைனுலாப்தீனின் வெள்ளை டைல்ஸ் முற்றத்தில், தம் காரின் மூக்குக்கு நேர் கீழே, இரண்டு கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வேலைக்காரப் பெண் ஒருத்தி துடைப்பத்தோடு வந்துகொண்டிருந்தாள். வாகனம் வேண்டாமென்று மார்தட்டிய கையோடு, தம்முடைய வாகனம் சம்மந்தி வாசலில் ஒழுகி நிற்கிறது.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர் நேரே குசினிக்குள் போனார். கலியாணச் சமையலுக்கென்று மனைவி ஸைனம்பு இடித்து வைத்திருந்த மஞ்சள் தூளில் மூன்று கை அள்ளி ஒரு கடதாசியில் மடித்தார். மாவடிப்பள்ளி வயலில் உழவு நேரத்தில் டிரெக்டரின் ரேடியேட்டர் ஒழுகினால் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான் அது. மஞ்சளை அள்ளிப் போட்டால் அது ஊறிப் பொங்கி ஓட்டையைப் போய் அடைத்துக்கொள்ளும், அறுவடைவரை தாங்கும். காரும் ஒழுகுவதை நிறுத்தியது. ஹாஜியார் யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படி விடுவார்? வாய்க்கால் தண்ணீரை இதே ரேடியேட்டரில் ஊற்றினான் என்பதற்காக, "இது காருடா, டிரெக்டர் இல்ல" என்று திட்டி ஒரு சாரதியை அன்றே வேலையிலிருந்து நிறுத்திய மனிதர் அவர். அந்தக் கதையைப் பதினெட்டு வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, காரைத் தங்கை மகன் றிபாஸின் கராஜுக்குக் கொண்டுபோனார். றிபாஸ் கத்தாரில் ஆறு வருடம் வேலை செய்து, கையடக்கக் கணினி ஒன்றோடு திரும்பியிருந்தான். அதைக் காரில் செருகிவிட்டு மருத்துவர் போலக் கண்ணைச் சுருக்கினான்.

"மாமா, ஒரு பிழையும் காட்டுதில்லயே."

"பிழை இல்லாமலா கொதிக்கிது?"

"சூடு எழுபத்தெட்டு எண்டு காட்டுது. கார் நல்ல சுகம் மாமா."

"அப்ப உன்ட கம்ப்யூட்டரத் தூக்கி அந்த எஞ்சினுக்கு மேல வை. அதுக்கும் அந்தச் சுகம் கிடைக்கட்டும்."

றிபாஸ் சளைக்கவில்லை. ஃபேன் மோட்டர் பழசு, களைத்துவிட்டது, சூடேறினால் பிடித்துக்கொள்கிறது என்று தீர்ப்புச் சொன்னான். அக்கரைப்பற்றிலிருந்து வேறொரு ஃபேன் வரவழைத்துப் பூட்டினான். புதன்கிழமை பகல் ஹாஜியார் அதைப் பரீட்சை பார்க்க வெளிக்கிட்டார். ஆலையடிவேம்புவரை போய்த் திரும்பினார். அந்த நீள வீதியில் கார் காற்றை வாங்கிக்கொண்டு அருமையாக ஓடியது. கல்முனைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் மறுபடி சீறியது. புது ஃபேனும் சுற்றவில்லை. முள்ளும் எழவில்லை.

"கோவிக்காதீங்க மாமா," என்றான் றிபாஸ் தொலைபேசியில். "இத வித்துப்போட்டு..."

"நாலு பொம்புளப்புள்ளயப் பெத்து வளத்துப்போட்டு வந்து எனக்கு வித்துக் காட்டு," என்று சொல்லி வைத்தார்.

வீட்டில் ஸைனம்பு பந்தல்காரனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "இஞ்ச பாருங்க, சம்மந்திட வேனக் கேட்டா என்ன? நாம என்ன களவா எடுக்கப் போறம்?"

"இருபது பேருக்கு முன்னால வேணாமெண்டு சொன்ன வாய் இது."

"அந்த வாயாலதான் சோறும் தின்றீங்க. அதுக்கு மட்டும் வெக்கமில்லாம திறக்குது."

ஹாஜியார் சாவியை எடுத்தார். மிச்சமிருந்தது ஒரே இடம்.

பிலிப்பு, ஊரார் வேதக்காரன் என்று சொல்லும் கிறிஸ்தவன். கல்முனையில் தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலை செய்கிறவன். ஐம்பது தாண்டியவன். கை சுத்தம், வாய் கொஞ்சம் கூர்மை. அந்தக் கூர்மைக்காகவே ஹாஜியார் அவனிடம் போகாமல் இருந்தார். றிபாஸ் பார்த்ததையெல்லாம் ஹாஜியார் சொல்லக் கேட்டும், அவன் முதலில் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டான். ஃபேனின் வயரைக் கழற்றி நேரே பெட்டரியில் கொடுத்தான். ஃபேன் சீறிச் சுற்றியது.

"ஃபேனில பிழையில்ல. பழைய ஃபேனிலயும் இருந்திருக்காது."

ஃபேனுக்கு மின் திறந்துவிடும் ரிலேயைக் கழற்றிக் காதருகே வைத்து மின் கொடுத்தான். டிக் என்றது. "இதுவும் நல்லம்." பிறகு எஞ்சினின் பக்கவாட்டில், தண்ணீர் ஓடும் இடத்தில் செருகியிருந்த கட்டைவிரல் அளவுச் சென்சரின் வயரைப் பிடுங்கினான். பிடுங்கிய அடுத்த நிமிடமே ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கியது.

"பாத்தீங்களா ஹாஜியார்? வயரும் சரி, ரிலேயும் சரி, ஃபேனும் சரி. சென்சர்ட சத்தம் இல்லாமப் போனா, கார் பயந்து ஃபேனப் போட்டுக்கொள்ளும். ஆனா சென்சர் பேசாம இருக்கல்ல. பேசுது. சூடில்ல, சூடில்ல எண்டு பொய் சொல்லுது. அதுதான் உங்கட மருமகன்ட கம்ப்யூட்டரும் சுகமெண்டு சொன்னது. பொய்யும் ஒழுங்காச் சொன்னா அதுக்குப் பிழை தெரியாது."

"அப்ப மாத்து."

பிலிப்பு சென்சரைக் கழற்றினான். அதன் முனையில், நெல்மணி பருமனுக்கு, மங்கிய தவிட்டு நிறத்தில் ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இந்தப் போர்வையைப் போத்துக்கொண்டு கிடந்தா அதுக்கு எப்பிடிச் சூடு தெரியும்? ஹாஜியார், ரேடியேட்டருக்குள்ள என்ன போட்டீங்க?"

"தண்ணி. கூலண்ட். மறுகா என்னத்தப் போடுற?"

"இது என்ன அப்ப?"

"துரு."

"துருவுக்கு இந்த நிறமில்ல."

"பிலிப்பு பாஸ், இது என்ட வாகனம். பதினெட்டு வருசம் நான் பாத்த வாகனம். நான் சொல்றன், துரு."

பிலிப்பு துணியில் கையைத் துடைத்தான். "சரி. எதுக்கும் ரேடியேட்டரக் கழட்டிப் பிரிச்சுக் கழுவுவம். ஒரு நாள் வேலை. நாளைப் பின்னேரம் தாறன்."

ரேடியேட்டரைப் பிரித்தால் உள்ளே என்ன நிறத்தில் என்ன கிடக்குமென்று ஹாஜியாருக்குத் தெரியும். அதைப் பிலிப்பு பார்ப்பான். அவனுடைய கொட்டகைக்கு வருகிற முச்சக்கர வண்டிக்காரர்கள் பார்ப்பார்கள். மாவடிப்பள்ளிவரை போகும் கதை.

"ரேடியேட்டர்ல கை வைக்க வேணாம். சென்சர மட்டும் மாத்து."

மாற்றினான். வியாழக்கிழமை காலை கொட்டகையில் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார்கள். முள் எழுந்து நடுவில் நின்றது. ஃபேன் சுற்றியது, ஓய்ந்தது, மறுபடி சுற்றியது. ஹாஜியாருக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் கரைந்தது. காரை வீட்டுக்குக் கொண்டுவந்து தாமே சோப்புப் போட்டுக் கழுவினார்.

பின்னேரம், யாருக்கும் சொல்லாமல், ஒத்திகை பார்க்கப் புறப்பட்டார். கடற்கரை வீதியில், பைத்காரர் நடக்கும் நடைக்கு, முதலாம் கியரில். பன்னிரண்டு நிமிடம் நன்றாகப் போயிற்று. பிறகு முள் மேலே எழத் தொடங்கியது. ஃபேன் பேயாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் முள் எழுந்தது. சிவப்புக் கோட்டைத் தொட்டபோது எஞ்சினை நிறுத்தினார். வலை பின்னிக்கொண்டிருந்த கரைவலைக்காரர் இருவர் எழுந்து வந்து, "தள்ளவா ஹாஜியார்?" என்று கேட்டார்கள். வேண்டாம், காற்று வாங்க நின்றதாகச் சொன்னார். உப்புக்காற்றில் ஒரு மணி நேரம் அப்படியே காற்று வாங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிலிப்பின் கொட்டகை வாசலில் கார் நின்றது.

பிலிப்பு பொனட்டைத் தூக்கினான். எஞ்சினைச் சூடேற விட்டான். ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தான், உடனே எடுத்தான். மெதுவாகக் கீழே, பக்கவாட்டில் என்று கையை நகர்த்தினான். பாதிக்குக் கீழே கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

"இஞ்ச வைச்சுப் பாருங்க."

ஹாஜியார் வைத்தார். கிணற்றுக் கட்டுப் போலக் குளிர்ந்திருந்தது.

"மேல கொதிக்கிது, கீழ குளிருது. அரைவாசிக் குழாய்க்குள்ள தண்ணி போகுதில்ல. அடைச்சுக் கிடக்கு. ஃபேன் எவ்வளவு சுத்தினாலும் வேலையில்ல. புதுச் சென்சர் உண்மையச் சொல்லிப்போட்டுது ஹாஜியார். நீங்கதான் இன்னும் சொல்லயில்ல."

அந்த நேரம் பார்த்துப் பிலிப்பின் மனைவி அற்புதராணி தேநீரோடு கொட்டகைக்குள் வந்தாள். ரேடியேட்டர் மூடியருகே மெல்லிய ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"இதென்னப்பா, இஞ்ச ஆரு மீன் ஆக்கிறது?"

பிலிப்பு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஹாஜியார் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார். அவன் வெறுமனே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மஞ்சள்," என்றார் மீராசாஹிபு.

"எவ்வளவு?"

"மூணு கை."

"உங்கட கையாலயா?" பிலிப்பு அவருடைய அகன்ற உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "டிரெக்டர் ரேடியேட்டர்ட குழாய்க்குள்ள விரலை விடலாம். இதுக்குள்ள ஈர்க்கிலும் போகாது. ஹாஜியார், இத நீங்க புதன்கிழமை சொல்லியிருந்தா நேத்துக் கழட்டிப் பிரிச்சுக் கம்பி விட்டு எடுத்து, இண்டைக்கு உங்கட வாசல்ல வண்டி நிக்கும். கேட்டனே! துரு எண்டீங்க."

"இப்ப ஏலாதா?"

"குழாய்க்குக் கம்பி விடுற கடை ஒண்டுதான். ஜும்ஆவுக்குப் பூட்டுவான், பின்னேரமும் திறக்கமாட்டான். அவனும் உங்கட கலியாணத்துக்குத்தான் வாறான்."

"வேற வழி?"

"வேகமாப் போனா போகும். காத்து அடிக்கும். நடையில போனா பத்து நிமிசம்."

ஹாஜியார் மனசுக்குள் கணக்குப் பார்த்தார். பள்ளியிலிருந்து வீடுவரை நடைக்கு முக்கால் மணி நேரம். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பறந்து வரலாம். பைத்காரரும் உறவுகளும் வெறும் வீதியில் பாடிக்கொண்டு வரட்டும். அல்லது பாதி வழியில், கோட்டும் தலைப்பாகையும் கட்டிய மாப்பிள்ளையோடு, ஆவி பறக்க நிற்கலாம். நாலு நாளாகத் தாம் யாருக்கு ஒளித்தோம் என்று யோசித்தார். கார் கொதிப்பது ஊருக்கே தெரியும். தெரியாதிருந்தது மூன்று கை மஞ்சள் மட்டும். அந்த மூன்று கை மஞ்சளுக்காக ஹிமாயாவின் வெள்ளிக்கிழமையைக் கொடுத்திருக்கிறார்.

சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். வெளியே போய்ப் பேசவில்லை. பிலிப்பும் அற்புதராணியும் நிற்க அங்கேயே பேசினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், சம்மந்தி."

"வஅலைக்குமுஸ்ஸலாம். என்ன காக்கா, வெள்ளன?" என்றார் ஸைனுலாப்தீன், அண்ணன் முறை வைத்து.

"உங்கட வேன் இண்டைக்கு எங்கயும் போகுதா?"

"எந்த வேன் காக்கா?"

சொல்ல வைக்கிறான் பார், என்று ஹாஜியார் பல்லைக் கடித்தார். "அண்டைக்கு நான் வேணாமெண்டு சொன்ன வேன்."

"காருக்கு என்ன?"

"உங்கட முற்றத்துல நின்டு ஒழுகிச்சு. வெக்கத்துல மஞ்சள் போட்டன். அடைச்சிட்டு. பிழை என்னிலதான்."

ஸைனுலாப்தீன் சிரிக்கத் தொடங்கினார். தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "டிரெக்டருக்குப் போடுற மஞ்சளா? அல்லாஹ்வே! காக்கா, அது ஒழுகின தண்ணியா? நாங்க ஏசித் தண்ணி எண்டெல்லோ நினைச்சம். ஆரு அதப் பெரிசா எடுத்த?"

யாருமே அதைப் பெரிசாக எடுக்கவில்லை. மீராசாஹிபு கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டார். எரிச்சலில் கண் கலங்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"வேனையும் டிரைவரையும் அனுப்புறன் காக்கா, யோசிக்காதீங்க."

"வேன் மட்டும் போதும். ஓட்டுறது நான்."

"நீங்களா? பொண்ணுட வாப்பா டிரைவர் சீட்டிலயா? ஊரு என்ன சொல்லும்?"

"வேன் உங்கடதா இருக்கட்டும். மாப்பிள்ளயக் கொண்டு வாறது எங்கட வேலை. அதக் கூலிக்காரன்ட கையில விடமாட்டன். ஊருக்கு நான் பதில் சொல்றன். மூணரைக்கி வேன் என்ட வாசல்ல நிக்கணும்."

வைத்துவிட்டுப் பிலிப்பைப் பார்த்தார். "ரேடியேட்டரக் கழட்டு. ஆரும் பாத்தாப் பாக்கட்டும். என்ன கேட்டாலும் மஞ்சள் எண்டு சொல்லு."

"நான் சொல்லமாட்டன் ஹாஜியார்," என்றான் பிலிப்பு. "அற்புதராணிதான். அவள் வாயப் பூட்ட என்னட்டச் சாவி இல்ல."

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளியில் நிக்காஹ் முடிந்தது. கறுப்பு வேனின் ஸ்டியரிங்குக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையும் சால்வையுமாக மீராசாஹிபு ஏறி உட்கார்ந்தபோது, வாசலில் நின்ற கூட்டம் வழிவிட மறந்து பார்த்தது. யாரோ ஒருவன் ஏதோ முணுமுணுத்தான். மூத்த மருமகன் ஓடி வந்து, "மாமா, இறங்குங்க, நான் ஓட்டுறன்" என்றான்.

"நீ வந்த நாள் ஞாபகமிருக்கா? மாப்பிள்ளயா பின்னால இருந்து வந்தவனுக்கு இந்த வேலை இல்ல. தள்ளு."

வேன் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. முன்னால் பைத்காரர் குரலெடுத்தார்கள். வீதியின் இரு பக்கமும் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். ஓட்டுகிறவர் யாரென்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லுவது கண்ணாடிக்கூடாகவே விளங்கியது. சொல்லட்டும். அவர் முதுகைச் சாய்க்கவில்லை. ஆசனம்தான் சாய்ந்திருந்தது, அதை நிமிர்த்தும் வழி தெரியாமல், சாயாமல் முன்னால் தள்ளி இருந்துகொண்டார்.

உள்ளே புழுங்கியது. ஏசி எந்தப் பொத்தானில் என்று அவருக்குத் தெரியவில்லை. முன்னால் தொலைக்காட்சி போல ஒரு கண்ணாடி. அதில் ஆங்கிலத்தில் என்னென்னவோ. ஒன்றைத் தொட்டார், பாட்டு அலறியது. அவசரமாக வேறொன்றைத் தொட்டார், கண்ணாடி துடைப்பான் வறண்ட கண்ணாடியில் கரகரவென்று ஆடியது. பைத்காரர் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஜியாரின் நெற்றியில் வியர்வை இறங்கியது.

பின்னாசனத்திலிருந்து மாப்பிள்ளை பஸால் முன்னால் சாய்ந்தான். பூமாலை அவருடைய தோளில் உரசியது. அவன் அவருடைய கைக்கு மேலால் கையை நீட்டி, ஒன்றை அணைத்தான், ஒன்றைப் போட்டான். குளிர் காற்று வந்தது.

"மாமா, இது எனக்கே சரியாத் தெரியாது," என்றான் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல். "வாப்பா வாங்கின நாளிலேருந்து எங்களத் தொட விடுறல்ல."

"நீங்க பின்னால இரிங்க மகன்," என்றார் மீராசாஹிபு, கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல். "தலைப்பா சரியுது. வாசலுக்கு இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு."